பகலவன் போகாத பம்பாய்

அத்தியாயம் 11

"நல்ல வேளையா உங்கண்ணன் கீறான்மா" என்று சூப்பர்வைசர் ரகுபதி சொன்னதும் மதிவதனியின் கையில் பாதி மடித்த பெட்டி அப்படியே நின்றது.

மணி எட்டேகால். ஷிப்டு தொடங்கிக் கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. மண்ணூர்ப் பக்கம் இருக்கும் அந்த ரப்பர் கம்பெனியின் கொட்டகையில் அன்றைக்கு ஓசையே இல்லை. ரப்பரைச் சூட்டில் அழுத்தி வளையமாக்கும் புது பிரஸ் ஒன்று வந்து இறங்கியிருந்தது. அதைப் பொருத்துவதற்காகப் பழைய பிரஸ் மூன்றையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். பொருத்திக் கொடுக்க பம்பாயிலிருந்து ஒரு மெக்கானிக் முந்தின நாள் ரயிலில் வந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ரகுபதிக்கு இந்தி தெரியாது.

பத்து மணிக்குப் பொருத்தும் வேலை ஆரம்பம், உங்கண்ணன் வந்ததும் பிரஸ்ஸாண்ட அனுப்பு, அவர் இந்தியில் சொல்வதை இவன் தமிழில் சொன்னால் போதும் என்றார் ரகுபதி. பதினைந்து வருஷம் பிரஸ் பக்கத்தில் நின்றதில் அவருக்குக் காது பாதி போய்விட்டது. தன் குரல் எவ்வளவு பெரிது என்று அவருக்குத் தெரிவதில்லை. பாக்கிங் மேசையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் மதியைப் பெருமையாகப் பார்த்தார்கள்.

மதியின் அண்ணன் பகலவன் பம்பாய்க்குப் போனதில்லை. அரக்கோணத்தைத் தாண்டியதில்லை.

பம்பாயைக் கட்டியவள் மதி. சித்திரை மாதம் அண்ணனை இங்கே சேர்த்தபோது விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. கடைசி இரண்டு வருஷம் எங்கே வேலை பார்த்தார்? அதற்கு முன்பு ஒரு லேத் பட்டறையில் அவள் உண்மையைச் சொல்லிப் பார்த்திருந்தாள். அண்ணனுக்கு மனநோய், இப்போது மருந்தில் சரியாக இருக்கிறார் என்றாள். ஒன்பது நாள் வைத்துக்கொண்டார்கள். பத்தாம் நாள், அவன் பார்வையே சரியில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு பகலவன் ஆறு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அந்த ஆறு மாதத்தை நினைத்துக்கொண்டேதான் அவள் பேனா எழுதியது: பம்பாய்.

எழுதியதோடு நிற்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஒருத்தி கேட்டதற்கு மாடி பஸ் வந்தது. இன்னொருத்தி கேட்டதற்குக் கடல் வந்தது. கடலுக்கு எதிரே மூன்றாவது மாடியில் ஓர் அறை வந்தது, அந்த அறைக்கு ஜன்னல் வந்தது, ஜன்னலில் மழை வந்தது. சில ராத்திரி தூக்கம் வராதபோது மதி அந்த அறைக்குள் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வருவாள். அவளுக்கு அந்த ஊர் பிடித்துப்போயிருந்தது. இப்போது அந்த ஊரிலிருந்து நிஜமாகவே ஓர் ஆள் வந்து கொட்டகையில் ஸ்பேனர்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

பகலவன் ஒன்பது மணிக்குத்தான் வருவான். ராத்திரி மாத்திரையின் தூக்கம் அவனுக்குக் காலை ஏழரை வரைக்கும் இறங்காது. கண்ணில் கோளாறு, விடிகாலை பஸ்ஸில் வரக் கூடாது என்று இன்னொரு பொய் சொல்லி மதி அந்த ஒரு மணி நேரத்தை வாங்கியிருந்தாள்.

ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவள் கேட்டுக்கு வெளியே போய் நின்றாள். பென்னலூர் பக்கமிருந்து வரும் பஸ் வந்தது. முதலில் அம்மா ராஜம்மா இறங்கினாள், கையில் சாப்பாட்டுக் கூடை. பின்னாலேயே பகலவன். இருபத்தெட்டு வயது, உயரம், வகிடு எடுத்து வாரிய தலை. நடக்கும்போது கை வீசாது. மருந்து அப்படிச் செய்திருந்தது.

மதி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ராஜம்மா மகனின் கையைப் பிடித்துவிட்டாள்.

"வூட்டுக்குப் போலாம் வா. ஜொரம்னு சொல்லிடு மதி."

"பத்து நாளைக்கு இருப்பாரும்மா அந்த மெக்கானிக்கு."

"பத்து நாளைக்கும் ஜொரம்."

மதிக்கும் அதுதான் தோன்றியது. வயிற்றுப்போக்கு, அம்மை, ஊரில் சாவு என்று வரிசையாக யோசித்து வைத்திருந்தாள். பத்து நாள் வீட்டில் இருந்தால் அண்ணன் பதினோராம் நாள் எழுந்து வருவானா என்பதை மட்டும் அவள் யோசிக்கவில்லை. அல்லது யோசிக்கப் பயந்தாள்.

பகலவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் அவசரமாகப் பேசுகிறவன் இல்லை.

"பம்பாயி நீ சொன்னது மதி" என்றான். "என்னைக் கேட்டாங்கன்னா நான் சிரிச்சிகினு இருந்துடுவேன். இன்னிக்கி சிரிச்சா தீராது."

"அதான் அண்ணா, போய்டு."

"போனா அந்த லேத்துக் கடை மாதிரிதான் ஆவும்."

அம்மாவின் பிடியிலிருந்து கையை மெல்ல எடுத்து, சாப்பாட்டுக் கூடையை வாங்கிக்கொண்டு கேட்டுக்குள் போனான். ராஜம்மா அங்கேயே நின்றாள். அவளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு மதி பின்னால் ஓடினாள்.

பத்து மணிக்குப் புது பிரஸ்ஸைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டம். ரகுபதி, இரண்டு ஆபரேட்டர்கள், இந்தி பேசுவதை வேடிக்கை பார்க்க வந்த டிரிம்மிங் மேசைப் பெண்கள். அவர்களுக்கு முன்னால் கங்கம்மாள். ரப்பர் வளையங்களின் ஓரத்தில் பிசிறு வெட்டுவதில் அந்தக் கம்பெனியிலேயே கை வேகமானவள், வாய் அதைவிட. பகலவன் சேர்ந்த நாளிலிருந்து அவள் பக்கத்து ஸ்டூலில்தான் உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறான். பம்பாயில் கருவாடு கிடைக்குமா என்று முதல் நாளே கேட்டவள் அவள்தான்.

"பேசு பம்பாயி, கேப்போம்" என்றாள்.

மெக்கானிக் பகலவனைப் பார்த்து முகம் மலர்ந்து கையைக் கூப்பினார். பிறகு நீளமாக ஏதோ கேட்டார். நம் ஊர்க்காரன் ஒருவன் கிடைத்துவிட்டான் என்ற சந்தோஷம் அந்தக் குரலில் இருந்தது. மதி கூட்டத்துக்குப் பின்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். ஏதாவது சொல்லிவிடு அண்ணா, வாயில் வந்ததைச் சொல்லிவிடு என்று மனத்துக்குள் கெஞ்சினாள்.

"இன்னா சொல்றாரு?" என்றார் ரகுபதி.

பகலவன் உலர்ந்த உதட்டை நாக்கால் ஈரமாக்கிக்கொண்டான்.

"தெரியல சார். எனக்கு இந்தி தெரியாது. நான் பம்பாய்க்குப் போனதே இல்ல."

ஏதோ தமாஷ் என்று கங்கம்மாள் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அப்படியென்றால் இரண்டு வருஷம் எங்கே இருந்தாய் என்று ரகுபதி கேட்டார். பகலவன் ஓர் அடி கிட்டே போய்த் தணிந்த குரலில் சொன்னான். ரகுபதி காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். பகலவன் மறுபடி சொன்னான். அப்போதும் அவருக்கு எட்டவில்லை. பிரஸ் ஓடுகிற நாளாக இருந்தால் எவ்வளவு கத்தினாலும் இரண்டு பேருக்குள் முடிந்திருக்கும். இன்றைக்கு நாற்பது பேர் இருந்த கொட்டகையில் ஊசி விழுந்தால் கேட்கும். அது பகலவனுக்கும் தெரிந்தது. மூன்றாவது தடவை குரலை உயர்த்திச் சொன்னான்.

"மெட்ராஸ்ல ஆஸ்பத்திரியில இருந்தேன் சார். மனநோய்க்கு."

"பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலயா?"

ரகுபதி எப்போதும் பேசும் குரலில்தான் கேட்டார். அது தகரக் கூரையில் மோதித் திரும்பி வந்தது. கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது போலிருக்கிறது, கையைத் தூக்கி வாயைத் துடைத்துக்கொண்டார். பாக்கிங் பக்கத்தில் யாரோ எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியவில்லை. கூப்பிய கையை எப்போது பிரிப்பது என்று தெரியாமல் நின்றார்.

"ஆமா சார்" என்றான் பகலவன். "எட்டு மாசம் அங்க. மிச்சம் வூட்ல. இப்ப தெனம் மாத்திரை. ரெண்டு புதனுக்கு ஒருக்கா ஊசி. காதுல ஆள் பேசற மாதிரி கேக்கும். முன்ன நெறைய, இப்ப எப்பனா. பிரஸ் ஓடினா கேக்காது. ஓடலன்னா பக்கத்துல யாராச்சும் பேசிகினு இருந்தா போதும்."

கொஞ்சம் நிறுத்தி, நியாயமாகச் சொல்லிவிட வேண்டும் என்பது போலச் சேர்த்துக்கொண்டான்.

"அதான் கங்கம்மாக்கா பக்கத்துல எடம் கேட்டேன்."

ஆபரேட்டர்களில் ஒருவனுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அதை இருமலாக மாற்றினான். கங்கம்மாளின் முகம் மட்டும் மாறாமல் அப்படியே இருந்தது. அதுவே அவளுக்குப் பெரிய மாற்றம்தான்.

மதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். விண்ணப்பத்தில் எழுதியது நான்தான், அண்ணன் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை என்றாள். ரகுபதிக்குக் கோபம் வர அப்போதுதான் வழி கிடைத்தது.

"எம் பொண்டாட்டிகிட்டல்லாம் சொல்லிகினு இருந்தேன்மா. மாடி பஸ்ஸாம், ஜன்னலைத் தெறந்தா கடலாம்னு. நாலு மாசமா என்னை இன்னான்னு நெனச்சே?"

முதலாளிக்குப் போன் போட வேண்டும், சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்கிறேன், போய் உட்காருங்கள் என்று ரகுபதி இரண்டு பேரையும் அனுப்பிவிட்டார். மெக்கானிக்கிடம் திரும்பி, ஒவ்வொரு நட்டாகத் தொட்டுக் காட்டச் சொல்லிக் கையால் கேட்டார். அவரும் கையாலேயே பதில் சொன்னார். அந்த வேலை அப்படியே நடக்கத் தொடங்கியது.

ஆபத்து அதற்குப் பிறகுதான் வந்தது.

டிரிம்மிங் மேசையில் எட்டு கத்தரிக்கோல்கள் ஓடும் சத்தம் தவிர வேறு ஒன்றும் இல்லை. முந்தின நாட்களில் செய்த வளையங்கள் குவிந்து கிடந்தன, வேலைக்குக் குறைவில்லை. ஆனால் யாரும் பேசவில்லை. கங்கம்மாள் பேசவில்லை. பகலவனுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த ஸ்டூல் இடைவெளி அரை முழம் கூடியிருந்தது. யார் நகர்த்தினார்கள் என்று மதி பார்க்கவில்லை.

பாக்கிங் மேசையிலிருந்து அவளுக்கு அண்ணனின் பக்கவாட்டு முகம் தெரியும். தினமும் அரை மணிக்கு ஒரு தடவை அதைப் பார்த்துக்கொள்வாள். இப்போது பார்வையை எடுக்க முடியவில்லை. பதினொன்றரை மணிவாக்கில் பகலவனின் உதடு அசையத் தொடங்கியது. கத்தரிக்கோல் நின்றது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இல்லாத ஒருவர் சொல்வதைக் கேட்கிற அந்தச் சாய்வு. வீட்டில் அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு அவன் எதிரே போய் உட்கார்ந்துகொள்வாள். இங்கே ரேடியோ இல்லை. எழுந்து போனால், அதோ பார் ஆரம்பித்துவிட்டது என்பார்கள். போகாவிட்டால்?

எழுந்துவிட்டாள். பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு பாதி தூரம் போயிருப்பாள். அதற்குள் பகலவன் தலையை உதறிக்கொண்டு கங்கம்மாள் பக்கம் திரும்பினான்.

"அக்கா, எதுனா பேசுங்க."

கங்கம்மாள் கையில் இருந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாத்தப் பேச."

"எதுனா. நேத்து இன்னா கொழம்பு?"

கங்கம்மாள் அந்த வளையத்தைச் சுற்றி வெட்டி முடித்து, பிசிறைக் கீழே உதறினாள்.

"கொழம்பா. அத்த ஏன் கேக்கற. நெத்திலி வாங்கினு வாய்யான்னு அனுப்பனா, எங்க வூட்டுக்காரரு வெயில்ல காஞ்ச வாள மீனத் தூக்கினு வந்து நிக்கறாரு…"

முதலில் குரல் ஒட்டாமல் வந்தது. புளி கரைக்கும் இடத்துக்கு வந்தபோது பழைய வேகம் வந்துவிட்டது. வாளை மீனை யார் வீட்டுப் பூனை தின்றது, அந்த வீட்டுக்காரியோடு நடந்த சண்டையில் யார் யாரை என்ன சொன்னார்கள் என்று போனபோது மேசையில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். அந்தப் பூனைக்கு வால் இருக்கிறதா இல்லையா என்று ஒரு தகராறு வந்தது. பகலவனின் கத்தரிக்கோல் ஓடத் தொடங்கியிருந்தது. உதடு மூடியிருந்தது.

மதி வந்த வழியே திரும்பினாள். பெட்டி மடிக்கும்போது கண்ணீர் அட்டையில் விழுந்தது. அந்தப் பெட்டியை ஓரமாக எடுத்து வைத்தாள்.

இரண்டு மணிக்கு ரகுபதி டிரிம்மிங் மேசைக்கே வந்தார். இந்தத் தடவை அவர் ரகசியம் பேசுவதற்கு முயன்றார். பாதிக் கொட்டகைக்கு மட்டும் கேட்டது.

முதலாளியிடம் பேசிவிட்டாராம். முதலாளி முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னாராம். ஒரு மாசம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ரகுபதி பொறுப்பு ஏற்றிருந்தார். சூடான பிரஸ் பக்கம் பகலவன் தனியாகப் போகக் கூடாது. எந்த வேலை கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று டாக்டரிடம் ஒரு கடுதாசி வாங்கி வர வேண்டும். காலை ஒன்பது மணி அப்படியே இருக்கட்டும். ஊசிக்குப் போகும் புதன்கிழமை, ஊசிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

"ஏன் சார் சொன்னீங்க முதலாளியாண்ட?" என்று பகலவன் கேட்டான். எனக்காக எதற்கு இவ்வளவு என்ற நிஜமான சந்தேகம் அது.

ரகுபதி அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. மேசையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஆடி மாசம் பொறந்ததும் இந்த மேசையில பாதி காலி. இந்த ஊர்ல கூழு ஊத்தறாங்க, அந்த ஊர்ல கூழு ஊத்தறாங்கன்னு ஒருத்தரும் வரல. நீ மட்டும்தான்பா வந்தே. எனக்கு வர்ற ஆளு வேணும்."

"எங்கப்பா சாமி கும்புட மாட்டாரு சார்" என்றான் பகலவன். "எங்க வூட்ல கூழு ஊத்தற பழக்கமில்ல."

மேசையே சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று ஒரு நொடி பார்த்துவிட்டு அவனும் சிரித்தான். அது வெறும் தப்பித்துக்கொள்ளும் சிரிப்பில்லை என்பதை மதி இருபது அடி தூரத்திலிருந்தே கண்டுகொண்டாள். ரகுபதி போகிற போக்கில் அவளிடமும் ஒன்று சொன்னார். உன் மேசையில் பெட்டி குவிகிறது, இனிமேல் அரை மணிக்கொரு தரம் அங்கே எட்டிப் பார்க்கிற வேலை வேண்டாம், அங்கே எட்டு பேர் இருக்கிறார்கள்.

அவருக்கு அதுவும் தெரிந்திருந்தது.

ஐந்து மணிக்கு வெளியே வந்தபோது ராஜம்மா வீட்டுக்குப் போயிருக்கவில்லை. கேட்டுக்கு எதிரே இருந்த மதகின் கட்டைச் சுவரில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். மூன்று தடவை கேட் திறக்கும்போது எழுந்தாளாம், மூன்று தடவையும் லாரிதானாம். மதி நடந்ததைச் சொன்னாள். ராஜம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மகனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நாளைக்கு வரணுமா, வேணாமா?"

"வரணும்."

"அப்ப செரி" என்றாள். அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பசி தெரிந்தது. பகலவன் மிச்சம் வைத்திருந்த தயிர் சோற்றை அங்கேயே மதகில் வைத்துச் சாப்பிடத் தொடங்கினாள். மதி பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். மேற்கே வயல்களுக்கு அப்பால் வெயில் சாயத் தொடங்கியிருந்தது. தான் கட்டிய ஊரை அவள் ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். அந்த மூன்றாவது மாடி, அந்த ஜன்னல். இனி அங்கே யாரையும் குடிவைக்க வேண்டியதில்லை. உடம்பு லேசாக இருந்தது.

பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் நடுவில் கங்கம்மாள் நிற்பதை அப்புறம்தான் கவனித்தாள். கங்கம்மாளின் வீடு மண்ணூரிலேயே, எதிர்ப்பக்கம். பஸ் ஏற அவளுக்கு அவசியமே இல்லை.

அவள் மதியிடம் வரவில்லை. நேராகப் பகலவனிடம் போனாள்.

"நாளெல்லாம் என்னைப் பேச வெச்சிட்ட. தொண்ட போச்சி" என்றாள். பிறகு செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினாள். "அந்த ஊசி. அது எங்க போடறாங்க?"

பகலவன் இடத்தையும் பஸ் நம்பரையும் சொன்னான். யாருக்கு என்று கேட்கவில்லை. கங்கம்மாளே சொன்னாள். மகள். மூன்று வருஷமாக வெளியே வரவில்லை. புருஷன் வீட்டிலிருந்து கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். ஜன்னலைக்கூட யாரையும் திறக்க விடுவதில்லை. கல்யாணம் ஆகி வெளியூரில் இருக்கிறாள் என்றுதான் கம்பெனியில் எல்லோருக்கும் கங்கம்மாள் சொல்லி வைத்திருந்தாள்.

ராஜம்மா சோற்றுக் கையோடு அப்படியே திரும்பிப் பார்த்தாள்.

"பத்தாவது படிச்சிருக்கா. கையெழுத்து முத்து முத்தா இருக்கும்" என்றாள் கங்கம்மாள். நாலு மாதமாக நிற்காமல் பேசியவள் இப்போது சொல் சொல்லாகத் தேடினாள். "அவ பஸ்ஸு ஏற மாட்டாப்பா. இன்னா சொன்னாலும் ஏற மாட்டா. நீ எப்டி ஏறன?"

பகலவன் யோசித்தான். தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது. மதி எழுந்தாள், ஆனால் அண்ணனைக் கூப்பிடவில்லை.

"ஒடனே ஏறல. மொதல்ல தெருமொனை வரைக்கும். மதி கூட வரும்" என்றான். "அவங்க பேரு இன்னாக்கா?"

"வேதவல்லி."

பஸ் வந்து நின்றது. ராஜம்மா கையைக் கழுவிக்கொண்டு ஏறினாள். மதி ஏறினாள். பகலவன் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றான்.

"நாளைக்கி வேல முடிஞ்சி உங்க வூட்டாண்ட வரேன்" என்றான் கங்கம்மாளிடம். "தெருவுல நிக்கறேன். ஜன்னலைத் தெறப்பாங்களான்னு கேட்டுப் பாருங்க."